சின்ன அறைச் சுவருக்கு ஒரு படம்

ஜூன் 9, ஞாயிறு

புது வீட்டுக்கு வந்து பதினொரு நாள் ஆகிறது. என் கேமராப் பெட்டியைத் தவிர எல்லாப் பெட்டிகளையும் பிரித்தாகிவிட்டது. இன்று காலை அதையும் பிரித்தேன்.

தூத்துக்குடி துறைமுகத்துக்குப் போகிற லாரிகளை எடை போட்டுச் சீட்டுக் கொடுப்பது என் வேலை. வாரத்தில் ஆறு நாள் கரி லாரிக்கும் உப்பு லாரிக்கும் நடுவில் உட்கார்ந்திருப்பவன், ஏழாவது நாள் விடியும்போது பைக்கை எடுத்துக்கொண்டு உப்பளத்துக்குப் போய்விடுவேன். அங்கே படம் எடுப்பேன். பதினைந்து வருடமாக எடுத்தவை எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே கிடக்கின்றன. ஒன்றைக்கூடச் சுவரில் மாட்டியதில்லை.

"அத்தான், சொவரு மொட்டையா கெடந்தா வீட்டுல ஆளே இல்லாத மாதிரில்லா இருக்கு. ஒங்க படத்துல நல்லதா நாலஞ்சு எடுத்து மாட்டுங்க" என்றாள் என் மனைவி பியூலா. அவள் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். அவள் எதைச் சொன்னாலும் கூடவே ஒரு விசில் சத்தம் கேட்கிற மாதிரி இருக்கும்.

ஐந்து படம் தேர்ந்தெடுத்தோம். நான்கு படங்களை எங்கே மாட்டுவது என்பதில் சண்டை இல்லை. ஐந்தாவது படத்தை நான் கூடத்தில் மாட்டலாம் என்றேன். அவள், "அது சின்ன ரூமுக்கு" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

சின்ன அறையில் இப்போது இஸ்திரி மேசை மட்டும்தான் இருக்கிறது.

ஜூன் 11

மீரான் என்பவரின் பிரிண்ட் கடைக்குப் போனேன். கடை சிறியது, பேச்சு பெரியது. காயல்பட்டினத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். சின்ன அறைக்கான படத்தைக் கொடுத்துக் கேட்டேன். ஒரே படத்தைக் காகிதத்தில் ஒன்றும் கேன்வாஸ் துணியில் ஒன்றுமாக அச்சடித்து மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

அந்தப் படத்தைப் பற்றி எழுத வேண்டும். ஜனவரி மாதத்துக் காலை. உப்புக் குவியல்கள் வரிசையாக, கண் கூசுகிற வெள்ளையில் நிற்கின்றன. வலது ஓரத்தில், படம் முடிகிற இடத்தில், தலையில் உப்புக் கூடையோடு ஒரு பெண். நான் கேமராவைத் தூக்கியதும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டாள். அவள் ஓரத்தில் வந்தது தற்செயல்தான்.

காகிதத்தில் உப்பின் ஒவ்வொரு பரலும் தெரிந்தது. அந்தப் பெண்ணின் பல்கூடத் தெரிந்தது. கேன்வாஸில் எல்லாம் கொஞ்சம் மெத்தென்று ஆகி, யாரோ உட்கார்ந்து வரைந்த மாதிரி இருந்தது.

"காகிதம்னா கண்ணாடி போடணும் சார். நம்ம ஊரு உப்புக் காத்துக்கு வெறுங் காகிதம் ஒரு வருஷத்துல அப்பளமாப் போயிரும். கேன்வாஸுக்குக் கண்ணாடி வேண்டாம், கனமும் இல்ல. ஆனா மழைக் காலத்துல லேசாத் தொய்யும். எது வேணும்?"

யோசித்துச் சொல்கிறேன் என்று இரண்டு மாதிரியையும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

ஜூன் 13

கண்ணாடிச் சட்டம் போட்ட காகிதப் படம்: நாலு கிலோ நூறு. அதே அளவு கேன்வாஸ்: ஒரு கிலோ முன்னூறு. மீரானிடம் இரண்டு சட்டத்தையும் இரவல் வாங்கிவந்து சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்.

"எடை பாக்குற புத்தி வீடு வர வந்துட்டு" என்றாள் பியூலா. அவளுக்குக் காகிதம்தான் பிடித்திருக்கிறது. "உப்பு பளபளன்னு இருந்தாத்தான் உப்பு. துணியில அது மாவு மாதிரில்லா தெரியுது."

காகித மாதிரியைச் சின்ன அறைச் சுவரில் டேப் போட்டு ஒட்டிவைத்தாள். சற்றுச் சாய்ந்திருந்தது. சாய்ந்தே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள். கேன்வாஸ் மாதிரியை நான் குளியலறைக் கதவில் தொங்கவிட்டிருக்கிறேன், ஈரத்துக்கு என்ன ஆகிறதென்று பார்க்க.

ஜூன் 16, ஞாயிறு

இந்திராணி மேடம் வருகிற சனிக்கிழமை வருகிறாராம்.

இதை எழுதித்தான் ஆக வேண்டும். நானும் பியூலாவும் ஒரு குழந்தையைத் தத்தெடுக்கப் பெயர் கொடுத்து நான்கு வருடம் ஆகிறது. வீட்டைப் பார்த்து அறிக்கை எழுதுகிறவர் இந்திராணி மேடம். நாங்கள் வீடு மாறிவிட்டதால் மறுபடியும் வந்து பார்க்க வேண்டுமாம். வழக்கமான வேலைதான். எனக்குப் படபடப்பு ஒன்றும் இல்லை.

பழைய வீட்டில் மஞ்சள் பெயிண்ட் அடித்த அறை ஒன்று இருந்தது. அதைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை.

மீரான் கடைக்கு மறுபடி போனேன். பளபளக்கும் காகிதம், மங்கல் காகிதம் என்று அதிலேயே இரண்டு வகை இருப்பதைப் போன தடவை கவனிக்கவில்லை.

ஜூன் 18

மீரான் கடை. மங்கல் காகிதத்தில் வெளிச்சம் எதிரடிப்பது குறைவு.

ஜூன் 20

மீரான் கடை. சும்மாதான்.

ஜூன் 22, சனி

இந்திராணி மேடம் வந்தார். காபி குடித்தார். சமையலறை, குளியலறை, மொட்டை மாடிக் கதவின் தாழ்ப்பாள் எல்லாம் பார்த்தார். குளியலறைக் கதவில் கேன்வாஸ் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்கவில்லை.

சின்ன அறை வாசலில் நின்று, "இங்கதான் குழந்தை தூங்குமா சார்?" என்றார்.

"இப்போதைக்கு இஸ்திரி போடுறோம்" என்றேன்.

பியூலா என் காலை மிதித்தாள்.

"ஒரு குழந்தை வந்தா உங்க வாழ்க்கை எப்படி மாறும்னு நினைக்கிறீங்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கு நான் நல்ல பதில் வைத்திருந்தேன், இரண்டு நாளாக லாரிகளுக்கு நடுவில் சொல்லிப் பார்த்தும் இருந்தேன். ஆனால் வாயைத் திறந்ததும் கண்ணாடி போட்ட படம் விழுந்தால் உடையும், கேன்வாஸ் விழுந்தால் உடையாது, ஆனால் கேன்வாஸில் தூசி ஏறினால் துடைக்க முடியாது, தூசி குழந்தைக்கு ஆகுமா என்று தெரியவில்லை, சுவரில் எந்த உயரத்தில் மாட்டினால் ஐந்து வயதுக் குழந்தைக்குக் கண் மட்டத்தில் வரும், மூன்று வயது என்றால் எந்த உயரம் என்று கிட்டத்தட்ட இருபது நிமிடம் பேசிவிட்டேன். பென்சிலால் சுவரில் போட்டு வைத்திருந்த கோடுகளையும் காட்டினேன்.

மேடம் நிறைய எழுதிக்கொண்டார். அவ்வளவு நேரம் எதை எழுதினார் என்று தெரியவில்லை.

ஜூன் 23, ஞாயிறு

பியூலா பேசவில்லை. தோசை மட்டும் வந்தது.

ஜூன் 24

பேசினாள். "சொவத்துல கோடு எப்ப போட்டீய?" என்றாள்.

"போன வாரம்."

"என்கிட்ட சொல்லவே இல்ல."

"இஸ்திரி மேசைக்கு எவ்வளவு உயரம்னு பாத்தேன்."

அவள் சிரித்தாள். எதற்கென்று கேட்கவில்லை.

ஜூலை 3

பகல் பதினொன்றே கால். எடை மேடையில் ஒரு உப்பு லாரி நின்றுகொண்டிருந்தது. இந்திராணி மேடத்தின் போன்.

பெண் குழந்தை. ஐந்தரை வயது. பெயர் பூரணி. மதுரைக்கு அந்தப் பக்கம் ஓர் இல்லத்தில் இருக்கிறாள். போட்டோ அனுப்பியிருந்தார். இரட்டைப் பின்னல், ஒரு பின்னலில் மட்டும் ரிப்பன். கேமராவை நம்பாத பார்வை.

நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் பதில் சொல்ல வேண்டுமாம். நான் பியூலாவுக்குப் போன் செய்தேன். அவள் மைதானத்தில் இருந்தாள். "சரின்னு சொல்லிட்டீயளா இல்லியா?" என்று கத்தினாள். இரண்டு நிமிடத்தில் பதில் சொல்லிவிட்டோம்.

லாரிக்காரர் இறங்கி வந்து, "சார், என் வண்டி எடை என்னாச்சு?" என்றார். சீட்டில் வண்டி நம்பர் எழுத வேண்டிய இடத்தில் "பூரணி" என்று எழுதியிருந்தேன். வேறு சீட்டுக் கிழித்துக் கொடுத்தேன்.

வெயில் அதிகம். கண் எரிந்தது.

ஜூலை 6, சனி

இல்லத்துப் பொறுப்பாளர் திலகம்மா போனில் பேசினார். "நேர்ல வர்றதுக்கு முந்தி வீட்டைப் படம் எடுத்து ஒரு ஆல்பம் அனுப்புங்க சார். பிள்ளைக்குப் பழகிரும். வந்து எறங்கும்போது புது எடமா இருக்காது" என்றார்.

மதியம் முழுக்கப் படம் எடுத்தேன். கேட், மாடிப்படி, ஃபிரிட்ஜ், மின்விசிறி, குளியலறையில் நீல வாளி, கழுத்தில் விசிலோடு பியூலா. நான் நின்றதைப் பியூலா எடுத்தாள், அதில் நான் ஏதோ அபராதம் கட்டியவன் மாதிரி இருக்கிறேன். சின்ன அறையில் இஸ்திரி மேசை போய்க் கட்டில் வந்துவிட்டது. அந்தச் சுவர், சாய்ந்தபடி ஒட்டியிருந்த உப்பளப் படத்தோடு.

சாயங்காலம் மீரான் கடை. இந்தத் தடவை காகிதமா கேன்வாஸா என்ற கேள்வியே எழவில்லை. ஆல்பத்துக்குக் காகிதம்தான்.

"நல்ல கெட்டியான தாள்ல போடுறேன் சார். கடைசிப் பக்கத்துல அந்த உப்பளப் படத்தையே பெருசாப் போடுவோமா? மொத்த ஆல்பத்துலயும் அந்தப் பொம்பளதான் நல்லாச் சிரிக்கிறாங்க" என்றார். பிறகு, "ஆமா, யாருக்கு இந்த ஆல்பம்?" என்று கேட்டார்.

"என் மகளுக்கு" என்றேன்.

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைத்துப் போகவில்லை. மீரான் என்னைப் பார்த்தார். நான் நாலு வருடக் கதையை நாலு வாக்கியத்தில் சொன்னேன். அவர் எழுந்து கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, எல்லாத் தாளையும் தன் கையாலேயே வெட்டி, மூலைகளை உருட்டி, ஒவ்வொன்றுக்கும் மேலே பிளாஸ்டிக் ஒட்டினார். "பிள்ளைக கை ஈரக் கை. மூலை கூரா இருந்தா குத்தும்" என்றார்.

கடையில் இங்க் வாடை அதிகம். வெளியே போய்ச் சற்று நின்றுவிட்டு வந்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

போய்ப் பார்த்துவிட்டு வந்தோம்.

ஒரு மாமரம், அதன் கீழே நாற்காலிகள். திலகம்மா அவளைக் கூட்டி வந்தார். ஆல்பத்தைக் கக்கத்தில் இடுக்கியிருந்தாள். ஓரமெல்லாம் மடங்கி, பத்து வருடம் பழகிய புத்தகம் மாதிரி ஆகியிருந்தது. மீரானிடம் சொல்ல வேண்டும்.

எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆல்பத்தைத் திறந்து, பியூலாவின் படத்தைப் பார்த்தாள், பிறகு பியூலாவைப் பார்த்தாள். என் படம், பிறகு நான். லைசென்ஸ் பார்க்கிற போலீஸ்காரர் தோற்றார். சரியாக இருக்கிறது என்று முடிவானதும் உட்கார்ந்தாள்.

"இந்த ஃபேனு சத்தம் போடுமா?"

"கொஞ்சம் போடும்" என்றேன். பியூலா என்னை முறைத்தாள். ஆனால் அந்தப் பதில் பூரணிக்குத் திருப்தி போல. பக்கத்தைப் புரட்டினாள்.

"இந்த வாளி எனக்கா?"

"ஒனக்குத்தான்" என்றாள் பியூலா.

கடைசிப் பக்கம். உப்பளம். குவியல்களைப் பார்க்காமல் நேராக அந்த ஓரத்துப் பெண்மேல் விரலை வைத்தாள்.

"இது யாரு?"

"உப்பு அள்ளுற அக்கா. பேரு தெரியாது."

"அவங்க உங்க வீட்லயா இருக்காங்க?"

"உன் ரூம்ல, சுவத்துல இருக்காங்க."

தலையை ஆட்டினாள். புறப்படும்போது திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஆல்பத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றி, காலியான கையைக் கொஞ்சம் தூக்கினாள். டாட்டா காட்டியதாகப் பியூலா சொல்கிறாள். பேருந்தில் கோவில்பட்டி வரை இதையே பேசிக்கொண்டு வந்தோம்.

ஜூலை 18

பியூலா ஜெயித்தாள். ஐந்து படமும் காகிதம், கண்ணாடிச் சட்டம். இன்று மாட்டினோம். ஆணியை அவள்தான் அடித்தாள். எல்லாம் நேராக இருக்கிறது. உண்மையில் அழகாகத்தான் இருக்கிறது.

ஜூலை 21, ஞாயிறு

ஆடிக் காற்று. நாங்கள் காலை ஆராதனை முடிந்து வந்து கதவைத் திறந்ததும் சின்ன அறை ஜன்னல் படாரென்று அடித்தது. கூடவே இன்னொரு சத்தம்.

உப்பளப் படம் கட்டிலின் தலைமாட்டில் விழுந்து கிடந்தது. தலையணை முழுக்கக் கண்ணாடி.

அந்தத் தலையணையைப் பார்த்துக்கொண்டே நின்றேன். பிறகு நான் பேசியது எனக்கே சரியாக நினைவில்லை. இந்த அறையே வேண்டாம், எல்லாவற்றையும் எடுத்துப் போடு, நாம் எதைத் தயார் செய்தாலும் இப்படித்தான் ஆகும், அப்போதும் இப்படித்தான் ஆனது என்று கத்தினேன்.

பியூலா முட்டி போட்டு, ஈரத்துணியால் தரையை ஒற்றி ஒற்றிச் சில்லு எடுத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே பேசினாள்.

"மஞ்சப் பெயிண்ட் அடிச்சதுனாலயா அத்தான் அந்தப் பிள்ள நமக்கு இல்லாமப் போச்சு? நாம வாங்கி வச்ச தொட்டிலுனாலயா? அதுக்கு வேற எடம் அமைஞ்சுது, போயிட்டு. இப்ப காத்து அடிச்சுது, கண்ணாடி ஒடஞ்சுது. அம்புட்டுத்தான். வந்து கட்டிலப் பிடிங்க, அடியில பாக்கணும்."

கட்டிலைப் பிடித்தேன். இரண்டு பேருமாக மதியம் மூன்று மணி வரை தேடினோம். கடைசியில் அவள் செருப்பில்லாமல் அறை முழுக்க நடந்து பார்த்தாள். பிறகு நானும் நடந்தேன்.

ரெண்டு வருடத்துக்கு முன் வரவிருந்த பையனுக்கு அப்போது பத்து மாதம். இதுவரை எங்கும் எழுதியதில்லை. எழுதிவிட்டேன்.

ஜூலை 22

விடிந்ததும் மீரான் கடை வாசலில் நின்றேன். சின்ன அறைக்குக் கேன்வாஸ். அவசரம்.

"செஞ்சிரலாம். ஆனா ஒண்ணு. கேன்வாஸைச் சட்டத்துல இழுத்துக் கட்டும்போது நாலு பக்கமும் படம் ஒன்றரை அங்குலம் மடங்கிப் பக்கவாட்டுக்குப் போகும். உங்க படத்துல ஓரத்துல ஒரு ஆள் நிக்கிறாங்களே..."

"பரவாயில்ல மீரான். குத்தாம, உடையாம இருந்தாப் போதும்."

"யோசிச்சுச் சொல்றீங்களா?"

"யோசிச்சதெல்லாம் போதும்" என்றேன். இவ்வளவு சீக்கிரம் நான் எதையும் முடிவு செய்ததில்லை என்று அவருக்கே ஆச்சரியம்.

ஜூலை 27, சனி

கேன்வாஸ் மாட்டியாயிற்று. மேலே இரண்டு கொக்கி, கீழே இரண்டு கொக்கி. இனி புயல் வந்தாலும் கழன்று வராது. மாட்டும் முன் சோதிப்பதற்காகக் கட்டிலில் நின்று அதை என் தலையில் ஒரு முறை போட்டுப் பார்த்தேன். வலிக்கவில்லை.

வெறும் உப்புக் குவியல்கள், வெள்ளை வெள்ளையாக. அமைதியாக இருக்கிறது. பியூலாவும் "மோசமில்ல" என்று சொல்லிவிட்டாள்.

மற்ற அறைகளில் கண்ணாடிச் சட்டங்களைப் பெரியவர்கள் உயரத்துக்கு ஏற்றி, அதே மாதிரி நாலு கொக்கி போட்டேன்.

ஆகஸ்ட் 2

நாளை. மீன் வாங்க வேண்டாம், முள் இருக்கும். கோழி காரமாக இருக்கும். பருப்பு பிடிக்குமா தெரியாது. மூன்று விதப் பருப்பு வாங்கியிருக்கிறேன்.

ஆகஸ்ட் 3, சனி

பகல் ஒன்றரை மணிக்கு வந்தோம். திலகம்மாவும் இந்திராணி மேடமும் கூட வந்திருந்தார்கள்.

பூரணி கேட்டிலேயே நின்று ஆல்பத்தைத் திறந்தாள். கேட், சரி. உள்ளே நுழைந்தாள். மாடிப்படி, சரி. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. பை முதுகிலேயே இருந்தது. செருப்பைக் கழற்றவில்லை, நாங்களும் சொல்லவில்லை. ஃபிரிட்ஜைத் தொட்டாள். வாளியைத் தூக்கிப் பார்த்தாள். மின்விசிறியைப் போடச் சொல்லி, அண்ணாந்து கேட்டுவிட்டு, தலையை ஆட்டினாள். நாங்கள் நாலு பெரியவர்களும் அவள் பின்னால் ஊர்வலமாகப் போய்க்கொண்டிருந்தோம்.

சின்ன அறை. கட்டில், சரி. ஜன்னல், சரி. சுவர்.

ஆல்பத்தைப் பார்த்தாள். சுவரைப் பார்த்தாள். மறுபடி ஆல்பத்தை. பின்னால் ஓரடி வைத்து, பையின் பட்டைகள் இரண்டையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த அக்கா எங்க?"

நாலு பேரும் சுவரைப் பார்த்தோம்.

"அந்த அக்காவ அனுப்பிச்சுட்டீங்களா?"

மாமரத்தடியில் இவளிடம் என்ன சொன்னேன் என்பது அப்போதுதான் நினைவு வந்தது. மூன்று வாரமாக இவள் ஒவ்வொரு நாளும் பார்த்த படம். இங்கே இருப்பாள் என்று நான் சொன்ன ஆள். நான் எடையையும் கொக்கியையும் பார்த்தேன், இதைப் பார்க்கவில்லை.

"அனுப்பல கண்ணு" என்றேன். "அனுப்பவே மாட்டோம். இங்கதான் இருக்காங்க. நீ வந்து பாக்குறியா?"

அவள் அசையவில்லை. நான் கட்டிலில் முட்டி போட்டு ஏறி, சுவரோடு கன்னத்தை வைத்து, படத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். சட்டத்தின் ஓரத்தில், மடிந்த துணியில், கூடையோடு அவள் சிரித்துக்கொண்டு நின்றாள். முழுசாக, தலையிலிருந்து கால் வரை. "இந்தா நிக்கிறாங்க பாரு" என்றேன்.

பூரணி செருப்புக் காலோடு கட்டிலில் ஏறினாள். என் கன்னத்துக்குப் பக்கத்தில், சுவரில், தன் கன்னத்தை வைத்தாள். ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அவள் மூச்சு என் காதில் பட்டுக்கொண்டிருந்தது.

"ஒளிஞ்சுக்கிட்டாங்க" என்றாள்.

பிறகு சிரித்தாள். முன்பல் ஒன்று இல்லை. போட்டோவில் வாயை மூடியிருந்ததால் எங்களுக்குத் தெரியவில்லை.

"நாளைக்கே காகிதத்துல வேற மாட்டிருதேன். அக்கா நல்லா தெரியிற மாதிரி" என்றேன்.

"வேணாம், வேணாம். ஒளிஞ்சு வெளையாடுறாங்கள்ல. நாந்தான் கண்டுபிடிச்சேன்" என்றாள். என்னோடு சேர்ந்து கண்டுபிடித்ததை அவள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பியூலா, "சரி, கண்டுபிடிச்சாச்சுல்லா. சோறு திம்பமா?" என்றாள். கூடத்தில் இந்திராணி மேடம் முகம் துடைத்துக்கொண்டிருந்தார். "தூசி" என்றார். நான் நம்பினேன்.

மூன்று விதப் பருப்பில் எதுவும் வேண்டாமாம். தயிர்ச்சோறும் முறுக்கும் சாப்பிட்டாள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

உப்பளத்துக்குப் போகவில்லை.

ஆகஸ்ட் 7

பியூலாவை "டீச்சர்" என்கிறாள். என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடவில்லை. பக்கத்தில் வந்து நின்று சட்டையை இழுக்கிறாள். எடை மேடையில் யாராவது முழங்கையைத் தொட்டால்கூடக் குனிந்து பார்க்கிறேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று அழுதாள். காலை முழுக்க. காரணம் சொல்லவில்லை. பியூலா கேட்கவும் இல்லை, பக்கத்தில் தரையில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வாசலில் நின்றேன். பதினொரு மணிக்கு எழுந்து முகம் கழுவிக்கொண்டு, "டீச்சர், விசிலு ஊதவா?" என்று கேட்டாள்.

ஊதினாள். எதிர்வீட்டு நாயும் இரண்டு ஆட்டோக்களும் நின்றன.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

மூன்று பேரும் பைக்கில் உப்பளத்துக்குப் போனோம். உப்பை நக்கிப் பார்த்துவிட்டு, "இம்புட்டையும் யாரு திம்பா?" என்றாள். எல்லோரும் சேர்ந்து தின்போம் என்றேன். சிரிக்கிற அக்காவைத் தேடினாள். வேறு அக்காமார் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள்.

கேமராவை அவள் கழுத்தில் மாட்டிவிட்டேன். இறக்க மாட்டேன் என்றுவிட்டாள்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

ஒரு வாரத்தில் இருநூற்றுப் பதினாறு படம் எடுத்திருக்கிறாள். எல்லாம் அவள் உயரத்தில் இருந்து. பியூலாவின் முழங்கால். மேசையின் அடிப்பக்கம். மாடியில் வந்து உட்கார்ந்த காகம். நான் சட்டைப் பொத்தானைத் தப்பாகப் போட்டுக்கொண்டு பல் தேய்ப்பது. என்னை யாரும் இவ்வளவு நன்றாக எடுத்ததில்லை.

நேற்று அவளை மீரான் கடைக்குக் கூட்டிப் போனேன். மீரான் எழுந்து நின்று வரவேற்றார், ஏதோ கலெக்டர் வந்த மாதிரி. ஒன்பது படம் தேர்ந்தெடுத்தாள்.

"இதெல்லாம் எதுல போடணும் மேடம்? காகிதமா, கேன்வாஸா?" என்று அவளிடமே கேட்டார்.

"கேன்வாஸு கவருக்குள்ள போகுமா?"

"போகாதும்மா."

"அப்ப பேப்பரு. கவர்ல போகணும். ராகவிக்கு அனுப்பணும்."

ராகவி யார் என்று எனக்குத் தெரியாது. கேட்டேன். இல்லத்தில் அவள் கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலாம். ஏழு வயதாம்.

"அவளுக்கு இன்னும் யாரும் ஆல்பம் அனுப்பல" என்றாள் பூரணி.

மீரான் அன்று எனக்குச் செய்தது போலவே தாள்களைத் தன் கையால் வெட்டி, மூலைகளை உருட்டிக் கொடுத்தார். அவரிடமிருந்து நாலைந்து நிமிடம் பேச்சு வராமல் இருந்தது இதுதான் முதல் தடவை.

இன்று காலை சாப்பாட்டு மேசையில் மூன்று பேரும் உட்கார்ந்து கவரைத் தயார் செய்தோம். ஒவ்வொரு படத்தின் பின்னாலும் அவள் சொல்லச் சொல்ல பியூலா எழுதினாள். 'இது காக்கா. தினம் வரும். பேரு வைக்கல, நீ வை.' ராகவியை ஒரு நாள் இங்கே அழைக்க முடியுமா என்று திலகம்மாவிடம் கேட்க வேண்டும் என்றாள் பியூலா. கேட்போம்.

பெறுநர் முகவரியை நான் எழுதினேன். அனுப்புநர் என்ற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. தத்து உத்தரவு இன்னும் வரவில்லை. கையெழுத்தாகி வர ஒன்றிரண்டு மாதம் ஆகலாம் என்று இந்திராணி மேடம் சொல்லியிருக்கிறார். அதற்குள் என்ன எழுதுவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பியூலா என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கி, கொட்டை எழுத்தில் எழுதினாள்: சா. பூரணி.

பூரணி எழுத்துக் கூட்டிப் படித்தாள். தன் பெயர் அவளுக்குத் தெரியும். அதற்கு முன்னால் இருந்த எழுத்தின்மேல் விரலை வைத்தாள்.

"சா-ன்னா யாரு?"

"சாம். நாந்தான்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். கவரைப் பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"சரி, இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, கவரை நக்கி ஒட்டினாள்.